பச்சை எரியணும்

"மூணு தடவை போட்டாச்சு. மூணு தடவையும் சிவப்பு! இது டெஸ்ட் பண்ற பெட்டியா, இல்ல என் மானத்தை வாங்குற பெட்டியாம்மா?"

மேலாளர் கத்திய கத்தலில் ஆய்வுக்கூடமே திரும்பிப் பார்த்தது.

எதிரே நின்ற இளம் இன்ஜினீயர் சிவப்பு விளக்கை அணைத்தாள். பெட்டிக்குள் இருந்த சர்க்யூட் போர்டு அவள் நாலு மாதம் தூக்கம் கெட்டு வரைந்தது. அது பேட்டரி மாதிரியே நடிக்கும். மூடிக்குள் வைக்கிற பி.எம்.எஸ். அட்டைக்கு, அதாவது பேட்டரிக்குக் காவல் இருக்கும் அட்டைக்கு, வோல்ட்டேஜை மெல்ல ஏற்றிக்கொண்டே போகும். அளவு தாண்டியதும் அட்டை சார்ஜைத் துண்டித்தால் பச்சை விளக்கு. சும்மா இருந்தாலோ தாமதித்தாலோ சிவப்பு.

அட்டையை வடிவமைத்தவர் சாட்சாத் மேலாளரேதான். இருபத்திரண்டு வருட அனுபவம் என்று நாளுக்கு நாலு தடவை சொல்பவர் தப்புச் செய்வாரா என்ன!

"சார், உங்க அட்டை லேட்டா கட் பண்ணுது. எலக்ட்ரிக் ஸ்கூட்டர்ல மாட்டினா சீட்டுக்கு அடியில தீப்பிடிக்கும்."

"ஓஹோ! நேத்து முளைச்சுட்டு எனக்கே பாடம் எடுக்கிறியா?" வெடுக்கென்று மூடியைத் திறந்து அட்டையை உருவி, அவள் மூக்குக்கு நேராக ஆட்டினார். "ஒவ்வொரு பாகமும் நான் பார்த்துப் பார்த்து வெச்சது. உன் பெட்டிதான் குருட்டுப் பெட்டி. ஸ்கூட்டர் கம்பெனி மேடம் வந்துக்கிட்டு இருக்காங்க. அவங்க முன்னாடி பச்சை எரியணும். இல்லேன்னா ஐடி கார்டைக் கழட்டி வெச்சுட்டுக் கிளம்பு."

"இருக்கிற சரிபார்ப்பை எல்லாம் எடுத்தாத்தான் சார் எரியும்."

"எடு!"

"அப்புறம் அதை டெஸ்ட்டுன்னே சொல்ல முடியாது சார்."

"சொல்றதுக்கு நான் இருக்கேன். நீ எடு!"

அதற்குள் போன் அடித்தது. மேடம் வாசலுக்கே வந்துவிட்டார். கையில் இருந்ததைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, குரலில் தேனைத் தடவிக்கொண்டு, மேலாளர் குடுகுடுவென்று ஓடினார்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தாள். வீட்டில் அவள் சம்பளத்தை நம்பி மூன்று பேர் இருந்தார்கள். சொன்னபடியே எல்லாவற்றையும் எடுத்தாள்.

காபி, உபசாரம் எல்லாம் முடிந்து இருவரும் உள்ளே வந்தார்கள்.

"சார், ஒரு நிமிஷம்..." என்று அவள் எழுந்தாள்.

"நீ வாயைத் திறக்காதே" என்று பல் தெரியச் சிரித்தபடியே முணுமுணுத்துவிட்டு, மேலாளர் பட்டனை அழுத்தினார்.

பச்சை!

"பார்த்தீங்களா மேடம்? கண் சிமிட்டுறதுக்குள்ள கட் பண்ணிடுச்சு! என் டிசைன்!" மறுபடி அழுத்தினார். பச்சை. இன்னொரு தடவை. பச்சை. "இந்தப் பொண்ணுக்கு டெஸ்ட் பண்றதையே நான்தான் இன்னிக்குக் கத்துக்கொடுத்தேன். பாவம், ஒண்ணும் தெரியாது."

மேடம் கண்ணாடியை மூக்கில் சரியாக ஏற்றிக்கொண்டார். "இவ்வளவு அருமையா வேலை செய்யுற அட்டையை நான் கொஞ்சம் பார்க்கலாமா?"

"தாராளமா!" மேலாளர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மூடியைத் திறந்தார்.

உள்ளே ஒன்றுமே இல்லை.

"எங்கேம்மா என் அட்டை?" என்று அவள்மேல் பாய்ந்தார்.

"அதைத்தான் சார் சொல்ல வந்தேன்" என்றாள் அவள். "அப்போலேர்ந்து உங்க சட்டைப் பையிலதான் இருக்கு."