நாலு இழையும் ஒரு பெயரும்

"உன் பேரு இல்லம்மா. நல்லாத் தேடிட்டேன்."

ஆய்வுக்கூட உதவியாளர் நீட்டியது, பிரிண்டரில் தனியாகக் கிடந்த கடைசிப் பக்கம். மேலே அவளுடைய கட்டுரையின் தலைப்பு. கீழே கையெழுத்துப் போடும் இடத்தில் பேராசிரியர் பெயர் மட்டும்.

ஆராய்ச்சி மாணவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வழக்கமான டி.என்.ஏ.வுக்கு இரண்டு இழை. அவள் எடுத்துக்கொண்டது நாலு இழை உள்ள அபூர்வம். சோடியம் உப்புக் கரைசலில் அது எப்படி மடங்கி நிற்கிறது என்று அணு அணுவாகக் கண்டுபிடிக்க ஐந்து வருடம் ஆனது. போன வருடம் இருவர் பெயரிலும் கட்டுரை வெளிவந்தது. அதைக் காட்டித்தான் ஒரு பெரிய பல்கலைக்கழக வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். திங்கட்கிழமை இன்டர்வியூ. இப்போது அதே கட்டுரையைப் பற்றி அவர் மட்டும் தனியாக ஏதோ அனுப்பப் போகிறார்.

"பாடுபடறது ஒருத்தர், பேரு வாங்கறது ஒருத்தர். சிடுமூஞ்சி பண்ற வேலையப் பாத்தியா?"

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்ற உதவியாளருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பேராசிரியர் காந்தக் கருவி அறையில் இருந்தார். உள்ளே இரும்பு கூடாது. சாவி, செல்போன், பேனா எல்லாவற்றையும் வாசல் தட்டில் வைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். கொதித்துக்கொண்டு வந்தவளும் வாட்சைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சண்டைக்குப் போனாள்.

"என் பேரு எங்க சார்?"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இதுல வேண்டாம்மா."

"அஞ்சு வருஷம் சார். அப்பா ஆஸ்பத்திரில கிடந்தப்பகூட இங்கதான் இருந்தேன். என் பேரு இல்லாம இது போகக் கூடாது."

"இன்டர்வியூ முடியட்டும். அப்புறம் பேசலாம்."

"இப்பவே பேசணும்."

அவர் சட்டைப் பையிலிருந்து முதல் பக்கத்தை எடுத்துக் கொடுத்தார்.

'இக்கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். சோடியம் கரைசல் என்று பயன்படுத்தப்பட்டது பொட்டாசியம் கரைசல். அதில் இந்த டி.என்.ஏ. வேறு விதமாக மடங்கும். கரைசலைத் தயாரித்தவன் நான். தவறு முழுக்க என்னுடையது.'

இரண்டு முறை படித்தாள்.

மேசைமேல் அந்தப் பழைய பிளாஸ்டிக் பாட்டில் இருந்தது. அதில் 'சோடியம்' என்று எழுதியிருந்தது அவளுடைய கையெழுத்து.

"மிச்சம் இருந்ததப் போன வாரம் சோதிச்சுப் பாத்தேன்" என்றார். "ரெண்டும் வெள்ளை உப்பு, பக்கத்துப் பக்கத்து டப்பா. கை மாறிப்போச்சு, விடு. நான் ரிட்டயர் ஆகப்போறவன். எனக்கு இனிமே என்ன? நீ இப்பதான் ஆரம்பிக்கிற."

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திங்கட்கிழமை கண்முன் வந்து போனது.

இரண்டு பக்கங்களையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். உதவியாளர் வாசலிலேயே காத்திருந்தார்.

"என்னம்மா, பேரப் போடறேன்னாரா?"

அவள் தட்டிலிருந்த பேராசிரியரின் பேனாவை எடுத்தாள். 'தயாரித்தவன் நான்' என்பதை அடித்துவிட்டு, அதற்கு மேலே 'தயாரித்தவள்' என்று போட்டுத் தன் பெயரைத் தெளிவாக எழுதினாள்.

"இல்ல. நானே போட்டுக்கிட்டேன்."