சொட்டிய வால்வு

குளியலறைச் சுவரில் புதிதாக மாட்டிய கீசர் சூடாகும்போதெல்லாம், அடியிலிருந்த சேஃப்டி வால்வு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டது.

"ஏன் இப்படி மானத்தை வாங்குற? என்னை ஓட்டைன்னு நினைப்பாங்க" என்றது கீசர்.

"சூடானா தண்ணி உப்புதுண்ணே. வெளியே போக வேற வழியில்லை. அதான் நான் கொஞ்சம் விடுறேன்" என்றது வால்வு.

கீசருக்குப் புரியவில்லை. "நான் எங்கே உப்புறேன்?"

வீட்டுக்காரர் எரிச்சலில் வால்வின் வாய்க்கு ஒரு மூடி போட்டு இறுக்கிவிட்டார். தரை காய்ந்தது. கீசருக்கு நிம்மதி.

மறுநாள் காலை சுவிட்சைப் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கீசருக்கு உடம்பெல்லாம் விம்மியது. தகடுகளைப் பற்றவைத்த இடங்கள் முனகின.

"தம்பி, எனக்கு என்ன ஆகுது? சொல்லேன்!"

வால்வு வாய் திறக்க முடியாமல் நடுங்கியது.

"இப்பக்கூடப் பேச மாட்டியா?" என்று கோபித்துக்கொண்டது கீசர்.