என் பேருக்கு ஒரு லாரி

என் மனைவி பேச்சிக்கு வயிற்றில் அறுவைசிகிச்சை செய்த ஆஸ்பத்திரிக்கு நான் இன்னும் கட்ட வேண்டியது நாலாயிரத்து இருநூறு ரூபாய். கட்டினால்தான் அவளை வீட்டுக்கு விடுவார்கள். டீக்கடை டிவியில் தேர்தல் விவாதம். வேட்டிக்காரர் ஒருவர், இனி வைத்தியத்துக்கு யாரும் கடன்பட வேண்டாம் என்றார். எதிரே இருந்த கோட்டுக்காரர் மறித்துக் கத்தினார்.

“இதுல யாரு ஜெயிச்சாலும் நம்ம வயித்துவலி நமக்குத்தாம்யா,” என்றான் வேலாண்டி. சுமைக்காரர்கள் எல்லோரும் சிரித்தோம். அரிசி லாரி வந்து நின்றது. நானும் எழுந்தேன்.

“நீ உக்காருல,” என்றார் மேஸ்திரி கொம்பையா. “இது ஒம் பேருக்கு. நீ தொட்டா கூலி ஒனக்குச் சேராது.”

கஷ்டத்தில் இருப்பவன் பேருக்கு ஒரு லாரி இறக்கி, கூலி முழுவதையும் அவனுக்கே கொடுப்பது எங்கள் வழக்கம்; அவன் மட்டும் மூட்டையைத் தொடக் கூடாது. எத்தனையோ பேருக்கு நானும் இறக்கியிருக்கிறேன், உட்கார்ந்து பார்த்ததில்லை. மூட்டைகள் வரிசையாக வெயிலில் மிதந்து போயின. அவற்றுக்குக் கீழே ஒவ்வொரு கழுத்திலும் நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது. இவ்வளவு பாரமா நாங்கள் சுமப்பது? கையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. டிவிக்காரர்கள் ஆளில்லாத பெஞ்சுகளைப் பார்த்து வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் நான் கொடுத்த லாரிக் கூலியை வாங்கிக்கொண்டு சீட்டில் ஏதோ எழுதிக் கொடுத்தார்கள். பேச்சியின் கட்டிலருகே நின்று எழுத்துக்கூட்டி வாசித்தேன்: பாக்கி இல்லை.

“இன்னொருக்கா வாசிங்க,” என்றாள்.