வசனத்துக்கு மணி இல்லை

"அக்கா, என்ன நடந்தாலும் வாயைத் திறந்துபோடாதீங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேனுங்க."

கருப்பாத்தாளின் காதில் இப்படிச் சொல்லிவிட்டு, கவுன்சிலர் மதிவதனி தன் நாற்காலிக்குப் போனாள். பார்வையாளர் பெஞ்சில் கருப்பாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். சோத்துக்கூடத்தைக் காப்பாற்றாமல் இந்த இடத்தைவிட்டு எழுவதில்லை என்று காலையிலேயே முடிவு கட்டியிருந்தாள்.

கிணத்துக்கடவை அடுத்த அந்தச் சின்னப் பேரூராட்சியின் சந்தைப் பேட்டையில், ஐந்து ரூபாய்க்கு மதியச் சாப்பாடு போடும் கூடம் அது. கருப்பாத்தாளும் பத்துப் பெண்களும் குழுவாகச் சேர்ந்து நடத்துகிறார்கள். தேங்காய் உரிக்கிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், கேட்க நாதியில்லாத வயசாளிகள் என்று தினமும் இருநூறு பேர் பசியாறுகிறார்கள். அதை மூடிவிட்டுக் கடைகள் கட்டி வாடகைக்கு விட வேண்டும் என்பது தலைவர் நஞ்சுண்டனின் திட்டம். கவுன்சிலர்கள் பதினைந்து பேரில் எட்டுப் பேர் அவர் பக்கம். ஓட்டுக்கு விட்டால் கதை முடிந்தது.

போன வாரமே நடந்திருக்க வேண்டிய கூட்டம். ஆனைமலையில் நேர்த்திக்கடன் இருக்கிறது என்று சொல்லி மதிவதனிதான் தள்ளிவைக்க வைத்தாள். அடுப்பு அணையப் போகிற நேரத்தில் நேர்த்திக்கடன் ஒரு கேடா என்று கருப்பாத்தாள் அப்போதே முணுமுணுத்தாள்.

மூன்று மணிக்குக் கூட்டம் தொடங்கியது. இந்த மன்றத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம். தாண்டினால் தலைவர் மணி அடித்து உட்கார வைத்துவிடுவார். ஆனால் சுலோகமோ வேத வசனமோ எடுத்துச் சாமி வாக்குச் சொல்கிற ஆளை மட்டும் மணி அடித்து நிறுத்துவதில்லை. முன்பொரு தலைவர் அப்படி அடித்து, மறுவாரமே படியில் உருண்டு காலை ஒடித்துக்கொண்டாராம். அன்றிலிருந்து எந்தச் சாமியின் வாக்காக இருந்தாலும் மணி ஊமைதான்.

நஞ்சுண்டன் கைகூப்பிக்கொண்டு எழுந்தார். கடமையைச் செய்கிறவனுக்கே பலன், சும்மா வரும் சோறு ஆளைச் சோம்பேறியாக்கும் என்று விளக்கி, ஒரு சுலோகத்தை ராகம் போட்டு இரண்டு தரம் படித்தார். எதிர்க்கட்சி ஆல்வின் விடுவாரா? பசித்தவனுக்குக் கொடுத்தது ஆண்டவருக்கே கொடுத்தது என்று வசனத்தோடு எழுந்தார். கருப்பாத்தாளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அப்போதுதான் அதைப் பார்த்தாள். மதிவதனி ஒரு துண்டுச் சீட்டில் ஏதோ எழுதி, தலைவரிடம் நீட்டினாள். படித்த நஞ்சுண்டனுக்கு முகமெல்லாம் பல்.

"ஏனுங்க ஆல்வின், உங்க வேதத்துலயே இருக்குதுங்களே. வேலை செய்ய மனசில்லாதவனுக்குச் சோறும் கிடையாதுன்னு."

எட்டுப் பேரும் மேசையைத் தட்டினார்கள். கருப்பாத்தாள் மதிவதனியை முறைத்தாள்.

அடுத்த சீட்டு ஆல்வினுக்குப் போனது. அவர் அன்னதானத்தின் பெருமை பேசும் சுலோகம் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். வடமொழி அவர் வாயில் பட்ட பாட்டில், மூன்று தரம் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. பிறகு கவுன்சிலர் தாரிக் எழுந்து, சம்பாத்தியத்தில் ஏழைக்கு இறைவன் வைத்த பங்கு பிச்சையல்ல, உரிமை என்று ஓதி, நிதானமாக அர்த்தமும் சொன்னார். அவர் உட்காருவதற்குள் தலைவர் கையில் இன்னொரு சீட்டு.

ஓட்டுக் கேட்டு வந்தபோது கூடத்தில் உட்கார்ந்து இரண்டு கை சோறு வாங்கிச் சாப்பிட்டவளா இப்படி விலை போய்விட்டாள்? கருப்பாத்தாளால் பொறுக்க முடியவில்லை. எழுந்தேவிட்டாள்.

"பசிச்சவனுக்குச் சோறு போட எந்தச் சாமிகிட்டங்க கேக்கோணும்? அங்க சாப்பிடறவங்க சும்மா இருக்கறவங்களாங்க? விடியறதுக்கு முன்னால லாரியில தேங்கா ஏத்திப்போட்டு வாரவங்க..."

தலைவர் டிங்கென்று மணி அடித்தார்.

"உக்காருங்க அக்கா," என்றாள் மதிவதனி, முகத்தைக்கூடப் பார்க்காமல்.

கருப்பாத்தாள் உட்கார்ந்தாள். ஆனால் போகவில்லை. மூடுவதென்றால் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே மூடட்டும் என்று தலைவரையே வெறித்தாள். சுலோகத்துக்கு வசனமும், வசனத்துக்குச் சுலோகமும் வந்துகொண்டே இருந்தன. டீ வந்தது, ஆறியது. கடைசியில் தொண்டை கட்டிப்போன நஞ்சுண்டன், ஓட்டுக்கு விடலாம் என்றார். எட்டுக் கை மேலே போனது. தீர்மானம் நிறைவேறியது. கருப்பாத்தாளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"நாளைக்கே பூட்டுப் போட்டுருங்க," என்றார் தலைவர்.

செயல் அலுவலர் பிந்து கோப்பைப் புரட்டிவிட்டுத் தயங்கினார். "முடியாதுங்க. நிறுத்தறதா இருந்தா, கூடத்து ஒப்பந்தம் முடியற நாள் அஞ்சே முக்காலுக்குள்ள குழுவுக்கு நோட்டீஸ் குடுக்கோணுமுங்க. இல்லாட்டி அதுபாட்டுக்கு இன்னும் மூணு வருசம் ஓடும்னு இருக்குது. அந்த நாள் இன்னிக்குத்தானுங்க. மணி ஆறே காலுங்க."

நஞ்சுண்டன் கோப்பைப் பிடுங்கிப் பார்த்தார். மதிவதனி எழுந்து வந்து, கருப்பாத்தாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல, அம்மணி?"

"சொன்னா நீங்க சந்தை பூராவும் சொல்லிப்போடுவீங்களே அக்கா. ஓட்டுல ஜெயிக்க நமக்கு ஆளில்லீங்க. அதுதான் அஞ்சே முக்கால் தாண்டற வரைக்கும் அவங்களைச் சாமி வாக்குப் பேச உட்டுட்டேன்."