ஏழாவது விசை

விசைப்பலகையை ஆள்பவனே அலுவலகத்தை ஆள்கிறான் என்பது மாசிலாமணியின் கொள்கை. அவர் ஆண்ட பலகையில் டீ சிந்தி இரண்டு எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஆனாலும், ஒரே ஒரு விசையைத் தட்டினால் தாம் எழுதிவைத்த முழு வாக்கியமும் திரையில் வந்து விழும்படி அமைத்திருந்தார். பதவி உயர்வுக்கு ஆள் தேர்ந்தெடுக்க வந்த இயக்குநர் அம்மாவிடம் அந்த வித்தையைப் பெருமையாகச் சொன்னார்.

"எந்த விசையில என்ன வச்சிருக்கீங்க, பாக்கலாமா?"

"தாராளமா மேடம்! ஒரு கட்டளை குடுத்தா மொத்தமும் வந்துரும்." நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தட்டினார்.

கறுப்புத் திரையில் விசைகளும் அவற்றுக்கான வாக்கியங்களும் வரிசையாக வந்தன. இயக்குநர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஏழாவது வரியை வாய்விட்டே படித்தார்.

"எஃப் ஏழு: உங்கள் யோசனை அற்புதம் மேடம், இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்."

அன்று காலை இயக்குநர் மாசிலாமணிக்கு அனுப்பிய மெயிலுக்கும் அதே பதில்தான் வந்திருந்தது.