ஆடாமல் அசையாமல்

"போயும் போயும் என்னையா வரையணும் உனக்கு? ஆளை விடு!"

லிஃப்ட் மெக்கானிக் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். எதிரே மனைவி, கையில் கரித்துண்டும் அட்டையில் செருகிய தாளுமாக நின்றாள்.

"கொஞ்ச நேரம்தாங்க. சும்மா நாற்காலியில உக்காந்தாப் போதும். போட்டோவைப் பார்த்து வரைஞ்சா டீச்சர் தூக்கிக் கடாசிடுவாங்க. உயிரோட இருக்கற ஆளைத்தான் வரையணுமாம்."

"நான் உயிரோட இருக்கறது இப்பத்தான் ஞாபகம் வந்துச்சாக்கும்!"

மகள் களுக்கென்று சிரித்துவிட்டாள். சிரிக்க ஒரு ஆள் கிடைத்தால் போதும், மனுஷனுக்குத் தலைகால் புரியாது.

"இந்த வயசுல மூஞ்சியெல்லாம் கரியைப் பூசிக்கிட்டு அம்மா படம் போடறாங்களாம். அதுக்கு நான் பொம்மை மாதிரி ஆடாம அசையாம உக்காரணுமாம். மாட்டவே மாட்டேன், போ!"

அவள் முகம் சுண்டிப்போயிற்று.

மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு மாத்திரை எடுத்துக் கொடுப்பவள் அவள். தனக்கே தனக்கென்று ஆசைப்பட்டுச் சேர்ந்தது வாரம் ஒருமுறை நடக்கும் இந்தச் சாயங்கால ஓவிய வகுப்பு ஒன்றுதான். வீட்டில் வரைந்த படங்களைப் பார்த்துத்தான் அடுத்த வகுப்பில் இடம் என்று டீச்சர் கறாராகச் சொல்லியிருந்தாள். முகம் அச்சு அசலாக வரவேண்டியதில்லை. உடம்பு எங்கே தளர்ந்திருக்கிறது, எங்கே விறைத்திருக்கிறது என்பது கோட்டில் தெரிய வேண்டும்.

மகளை உட்கார வைத்துப் பார்த்தாள். போன் சிணுங்கும்போதெல்லாம் மூக்கு இடம் மாறியது. ஒரே தாளில் மூன்று மூக்கு விழுந்ததும் அந்த முயற்சியைக் கைவிட்டாள்.

கடைசியில் கைகொடுத்தது தூக்கம்தான்.

மறுநாள் முதல் மெக்கானிக் வேலை முடிந்து வந்ததும் வராததுமாக ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்தார். வீட்டிலிருந்தால் குழாய், கதவு, மிக்ஸி என்று எதையாவது திருகிக்கொண்டே இருக்கிறவர், இப்போது இடித்தாலும் எழுந்திருக்கவில்லை.

"கெஞ்சினா உக்கார மாட்டாரு. தானா வந்து விழுந்து கிடக்கறாரு பாரு" என்று மகளிடம் கிசுகிசுத்துவிட்டு, அவள் தினமும் அட்டையோடு எதிரில் உட்கார்ந்தாள்.

படங்கள் சேர்ந்தன. மனசு மட்டும் ஆறவில்லை. பெண்டாட்டி கேட்டதற்காக ஒரு நாற்காலியில் உட்காரக்கூட மனசு வராத ஆளோடா இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினோம்? நினைக்க நினைக்கக் கரியை அழுத்தித் தேய்த்தாள். மீசை தேவைக்கு மேலேயே கறுத்தது.

வகுப்பில் டீச்சர் படங்களைத் தரையில் பரப்பினாள். வயதில் சின்னவள்தான். ஆனால் அவள் குனிந்து பார்க்கும்போது எல்லாரும் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொள்வார்கள்.

"யாருக்கா இவரு?"

"எங்க வீட்டுக்காரர். தூங்கறாரு."

"தூங்கறாரா?" டீச்சர் இன்னும் குனிந்தாள். "தூங்கறவங்க கழுத்து இப்படி நிக்காதேக்கா, தலை ஒரு பக்கமா தொங்கிடும். தோளைப் பாருங்க, எவ்வளவு விறைப்பு! கால் கட்டை விரல் வேற தரையை அழுத்திட்டு இருக்கு."

அவளுக்குப் பகீரென்றது. அடுத்த வகுப்பு அவ்வளவுதான்.

"கண்ணால பார்த்ததைத்தான் டீச்சர் வரைஞ்சேன். சத்தியமா தூங்கினாரு. குறட்டைகூட விட்டாரு!"

"குறட்டை எனக்குக் கேக்கலையே. எனக்குப் படம்தானே தெரியுது." டீச்சர் சிரித்தாள். "பயப்படாதீங்க. எல்லாப் படத்துலயும் அதே கழுத்து, அதே விரல். நீங்க சரியாத்தான் பார்த்திருக்கீங்க. அடுத்த வகுப்புல உங்களுக்கு இடம் உண்டு. ஆனா சத்தியமா சொல்றேன், இந்த ஆளு தூங்கலை."

இடம் கிடைத்த சந்தோஷத்தைக்கூட அவளால் முழுசாக அனுபவிக்க முடியவில்லை. வீடு வந்து சேரும்வரை அந்தக் கட்டை விரல்தான் கண்முன்னால் நின்றது.

மறுநாளும் மெக்கானிக் வந்தார். அவள் அட்டையை எடுப்பதை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"அப்பப்பா, என்ன அலுப்பு!" என்று சுவரிடம் சொன்னார். "கொஞ்சம் காத்து வரட்டும்" என்று திரையை விலக்கினார். சாயங்கால வெளிச்சம் முகத்தில் வாட்டமாக வந்து விழுந்தது. மறு நொடியே குறட்டை.

அவள் கரியைத் தொடவில்லை. உற்றுப் பார்த்தாள்.

கழுத்து நிமிர்ந்து நின்றது. கட்டை விரல் தரையை அழுத்தியிருந்தது. ஈ ஒன்று வந்து மூக்கில் உட்கார்ந்து நிதானமாக உலாத்தியது. மூக்கு துடித்தது, நெற்றி சுருங்கியது. மடியிலிருந்த கை மட்டும் அசையவேயில்லை.

அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. முந்தானையை வீசி ஈயை விரட்டிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இந்தப் பக்கமே வரைஞ்சு வரைஞ்சு அலுத்துப்போச்சுடி" என்றாள், மகளிடம் சொல்வதுபோல. "முகம் கொஞ்சம் கதவுப் பக்கம் திரும்பியிருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்! தூங்கற மனுஷன்கிட்டப் போய் எப்படிச் சொல்றது?"

குறட்டை கொஞ்சமும் பிசகாமல், முகம் மெல்லக் கதவுப் பக்கம் திரும்பியது.