பச்சையை எடு

“ஏலே, அந்தப் பச்சைய எடு” என்றாள் ஜெயசித்ரா, திரும்பிப் பார்க்காமல்.

லேத்தில் கிண்ணம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பலா மரத்தில் கடைந்து, உட்புறம் முழுக்கக் கறுப்படித்துக் காயவைத்த கிண்ணம். அதன் நடுவில் பெயிண்டைச் சொட்டி வேகத்தைக் கூட்டினால், நிறம் விளிம்பைப் பார்த்துக் கீற்றுக் கீற்றாக ஓடும். சீசன் தொடங்கியதிலிருந்து குற்றாலத்துக் கடைக்காரர்கள் இதைத்தான் விடாமல் கேட்கிறார்கள்.

தம்பி மணிமுத்து பெஞ்சின் முன்னால் நின்றான். பெயிண்டெல்லாம் ஒரே அளவு பிளாஸ்டிக் பாட்டில்களில் இருந்தது. எதிலும் பெயர் இல்லை.

அவன் கை பழுப்பு பாட்டிலின் மேல் போய் நின்றது. அதைத் தூக்கியும் விட்டது.

ஜெயசித்ரா ஓரக்கண்ணால் பார்த்தாள்.

அவன் பழுப்பை நகர்த்தி வைத்துவிட்டு, அதன் பின்னால் இருந்த பச்சையை எடுத்து நீட்டினான்.

வாங்கிச் சொட்டினாள். பச்சை விளிம்புவரை ஓடியது. அடுத்து ஊதா கேட்டாள். நீலத்தைத் தொடாமல் ஊதாவை எடுத்தான். ரோஸ் கேட்டாள். அதற்கென்றே பக்கத்தில் வைத்திருந்த சாம்பல் நிறத்தை அவன் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

போதாதென்று மறுபடியும் பச்சை கேட்டாள். போனில் எதையோ பார்த்துக்கொண்டே சரியாக எடுத்துக் கொடுத்தான்.

ஜெயசித்ரா மோட்டாரை அணைத்துவிட்டு மரத்தூள் மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். ஈரம் காயுமுன் நிறுத்தினால் பெயிண்ட் வழியும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. வழியட்டும்.

மணிமுத்துவுக்கு மறுநாள் திருநெல்வேலியில் போலீஸ் மெடிக்கல்.

மூத்தவன் இசக்கிப்பாண்டியும் போலீஸுக்குத்தான் போனான். பரீட்சையில் தேறினான், ஓட்டத்தில் தேறினான், கயிறும் ஏறினான். கடைசியில் மெடிக்கலில் புள்ளி புள்ளியாக ஒரு புத்தகத்தை விரித்து, உள்ளே என்ன நம்பர் என்று கேட்டிருக்கிறார்கள். அவனுக்குப் புள்ளிகள் மட்டுமே தெரிந்தன.

கடையத்துக்கு வந்து, மார்க் பத்தவில்லை என்று வீட்டில் சொன்னான். ஒழுங்காகப் படித்திருந்தால் உருப்பட்டிருப்பான் என்று அப்பா இன்றைக்கும் திட்டுகிறார்.

ஜெயசித்ராவுக்கு மட்டும் தெரியும். ஒருநாள் இதே லேத்தின் முன்னால் பச்சை கேட்டபோது பழுப்பை நீட்டினான். அவள் சிரித்துவிட்டாள். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டான்.

பிறகு அவள் தென்காசியில் ஒரு கண் டாக்டரிடம் விசாரித்தாள். நிறம் பிரித்தறிய முடியாத இந்தக் குறை அம்மா வழியாக வருவது, அண்ணனுக்கு இருந்தால் தம்பிக்கும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்றார் அவர்.

தம்பியிடம் நேராகக் கேட்க முடியாது. கேட்டால் அண்ணன் கதை வெளியே வந்துவிடும். அதனால்தான் காலையில் பெயிண்டையெல்லாம் பேரில்லாத பாட்டில்களுக்கு மாற்றி, ஒத்தாசைக்கு ஆளில்லை என்று அவனைக் கூப்பிட்டாள்.

அண்ணனை நினைத்தபோது கொஞ்சம் கோபமும் வந்தது. மணிமுத்துவின் பேர் லிஸ்டில் வந்த நாளிலிருந்து இசக்கிப்பாண்டி அவன் முகம் பார்த்துப் பேசுவதில்லை. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் டெம்போ ஓட்டுகிறான். விடியுமுன் கிளம்பினால் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் வீட்டுக்குள் நுழைகிறான். தம்பி மேல் பொறாமை என்று அம்மா சொன்னாள். அப்படித்தான் இருக்கும் என்று ஜெயசித்ராவும் நினைத்தாள்.

கிண்ணத்தில் எல்லா நிறமும் சேர்ந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மணிமுத்து அதைக் காட்டினான். ஆமாம், போகட்டும் என்றாள். சிரிப்பு வந்தது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று அவனுக்கு விளங்கவில்லை. இந்த வீட்டில் எல்லாருக்குமே ஏதோ ஆகிவிட்டது என்றான். முந்தின நாள் அண்ணன் அவனை மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறான். அங்கே கமிஷன் கடை ஓரமாக ஒரு சாக்கு மிளகாயைத் தரையில் கொட்டி, பழுத்ததை ஒரு பக்கம், பச்சையை ஒரு பக்கம் பொறுக்கச் சொல்லியிருக்கிறான்.

ஜெயசித்ரா முகத்திலிருந்து தலைப்பை எடுத்தாள்.

“நான் பொறுக்கி முடிக்கித வரைக்கும் அண்ணன் நின்ன இடத்தை விட்டு அசையலக்கா. எதுக்குன்னு கேட்டா சொல்ல மாட்டுக்கான். முடிச்சதும் ரெண்டு குவியலையும் கடைக்காரர்ட்ட காட்டி, சரியா இருக்கான்னு கேட்டான். அவரு சரின்னதும் என்னைய இழுத்துக் கட்டிப்பிடிச்சிக்கிட்டான். கண்ணு பூராத் தண்ணி. மிளகா பட்ட கையக் கண்ணுல வச்சிட்டேன்னு சொல்லுதான். பொறுக்குனது பூரா நாந்தாங்க்கா.”